போட்டித் தடை ஷரத்து: கையெழுத்திடும் முன்பும் வேலையை விடும் முன்பும்

மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க, புதிதாகச் சேர வருபவர்களிடம் நீட்டிய ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து தவறாமல் இருந்தது. வேலையை விட்ட பிறகு ஓராண்டோ ஈராண்டோ போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது, அதே தொழிலைச் சொந்தமாகத் தொடங்கக் கூடாது, எங்கள் வாடிக்கையாளரிடம் வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லும் ஷரத்து. பெரும்பாலும் அது அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த மாதிரி. டெலவர் மாநிலச் சட்டம் என்றிருந்த இடத்தில் இந்தியச் சட்டம் என்று திருத்தி, பெயரையும் சம்பளத்தையும் நிரப்பி அச்சடிப்போம். இந்தியச் சட்டம் அந்த ஷரத்தை என்ன செய்கிறது என்று கூட்டத்தில் கேட்டால், "அது இருந்துவிட்டுப் போகட்டும்" என்பதே பதிலாக இருக்கும்.

இப்போது நான் வேலையில் இல்லை. அண்ணன் மகளும் அவளுடைய தோழிகளும் ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அத்தை, இதில் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். எல்லோரும் சிவப்பில் வட்டமிட்டு அனுப்புவது இந்த ஷரத்தைத்தான். உண்மையில் ஆளைப் பிடிக்கக்கூடியவை இரண்டு மூன்று பக்கம் தள்ளி, யாரும் வட்டமிடாத இடத்தில் இருக்கும். இந்த வழிகாட்டி இந்தியாவில் வேலை பார்க்கும் நிரலாளர்களுக்கானது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நடுவில் ஒரு பத்தி உண்டு.

ஷரத்துக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவை ஒருமுறையாவது படித்துவிடுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. சட்டபூர்வமான தொழிலையோ வணிகத்தையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடுப்பின் அளவுக்குச் செல்லாது. ஒரே விதிவிலக்கு: தன் வியாபாரத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவர், வாங்கியவருக்குப் போட்டியாகக் குறிப்பிட்ட எல்லைக்குள் கடை போட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் அது செல்லும், எல்லை நியாயமாக இருக்கும்பட்சத்தில்.

"நியாயமான தடை என்றால் செல்லும்" என்று சிலர் சொல்வார்கள். அது இங்கிலாந்துச் சட்டம். இங்கே அந்த வாசல் 1874லேயே அடைபட்டுவிட்டது. கல்கத்தாவில் பித்தளை வியாபாரிகள் இருவர் ஒரே பகுதியில் கடை வைத்திருந்தார்கள். நீ கடையை மூடினால், உன் தொழிலாளர்களுக்கு நீ கொடுத்திருக்கும் முன்பணம் 900 ரூபாயை நான் தருகிறேன் என்றார் ஒருவர். மற்றவர் மூடினார், பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். ஒரு சிறு பகுதிக்கான தடைதானே என்ற வாதத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பகுதித் தடையும் தடைதான், ஒப்பந்தமே செல்லாது என்று சொல்லி அனுப்பிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவருக்குக் கடையும் போயிற்று, காசும் போயிற்று.

இன்னொன்று எனக்குப் பிடித்த செய்தி. 27ஆவது பிரிவின் வேர் அமெரிக்க வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்டு நியூயார்க்குக்காக எழுதிய வரைவுச் சட்டத்தில் இருக்கிறது. நியூயார்க் அதை ஏற்கவில்லை. கலிஃபோர்னியா அதே 1872இல் ஏற்றது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு பொறியாளர் வெள்ளிக்கிழமை ஒரு நிறுவனத்தை விட்டுத் திங்கட்கிழமை எதிர்க் கட்டடத்தில் சேர முடிவதற்கும், சோழிங்கநல்லூரில் அதே காரியம் சட்டப்படி முடிவதற்கும் மூலம் ஒன்றே.

உச்ச நீதிமன்றம் இதைப் பல முறை உறுதி செய்திருக்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவருக்கு வரும் புதிய வாய்ப்பைத் தங்களிடமே முதலில் காட்ட வேண்டும் என்று அவருடைய முன்னாள் மேலாண்மை நிறுவனம் கேட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின் அந்தக் கட்டு செல்லாது என்று 2006இல் தீர்ப்பு வந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது 2025 ஜூன் மாதத் தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு மென்பொருள் பொறியாளர் நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்துவிட்டு, தன் நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருந்த அரசு அமைப்பிலேயே போய்ச் சேர்ந்தார். மூன்று ஆண்டுத் தடையைக் காட்டி நிறுவனம் கீழ் நீதிமன்றத்தில் வாங்கியிருந்த இடைக்காலத் தடையை உயர் நீதிமன்றம் நீக்கியது. பழைய முதலாளியிடமே இரு, இல்லாவிட்டால் சும்மா இரு என்ற நிலையில் ஒரு ஊழியரை நிறுத்த முடியாது என்பது அதன் சாரம். "வாடிக்கையாளரிடம் போகலாமா?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான். அவர் நோட்டீஸ் காலத்தை முடித்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அப்படியிருந்தும் நிறுவனங்கள் ஏன் இதை எழுதிக்கொண்டே இருக்கின்றன? சோளக்கொல்லைப் பொம்மைக்குச் சம்பளமா சாப்பாடா? நட்டுவைத்தால் பாதிப் பறவைகள் வராது. 2022இல் இன்ஃபோசிஸின் ஷரத்தை எதிர்த்துப் புனேயைச் சேர்ந்த தொழில்நுட்ப ஊழியர் அமைப்பு ஒன்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்தது. ஒருவர் பணிபுரிந்த வாடிக்கையாளருக்காகவே டி.சி.எஸ்., அக்சென்ச்சர், ஐ.பி.எம்., காக்னிசன்ட், விப்ரோ ஆகியவற்றில் ஆறு மாதம் வேலை செய்யக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். இது தொழிலில் வழக்கமான நடைமுறை என்பது நிறுவனத்தின் பதில். வழக்கம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

அப்படியானால் எது கட்டும்

வேலையில் இருக்கும்போது கட்டும். இதுதான் முதல் எச்சரிக்கை. 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு: டயர் நூல் ஆலை ஒன்றில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த மேற்பார்வையாளர், பாதியில் விட்டுப் போட்டி ஆலைக்குப் போனார். மீதமிருந்த ஒப்பந்தக் காலத்துக்கு அவர் அங்கே வேலை செய்யத் தடை விதித்தது சரி என்றது நீதிமன்றம். உங்கள் ஒப்பந்தத்தில் "குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகள்" போன்ற காலக்கெடு இருந்தால், அந்தக் கெடுவுக்குள் போட்டியாளரிடம் ஓடுவது, கெடு முடிந்து போவதைப்போல் எளிதல்ல. நீதிமன்றம் உங்களை இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைக்காது. தனிப்பட்ட உழைப்பை அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இன்னொரு நாற்காலியில் உட்காராதே என்று சொல்ல முடியும்.

இரவில் இன்னொரு நிறுவனத்துக்கு நிரல் எழுதுவதும் இதே கணக்கில்தான் வரும். 2022இல் விப்ரோ அப்படி 300 பேரை வெளியேற்றியதாக அதன் தலைவர் ரிஷத் பிரேம்ஜியே சொன்னார். இரட்டைச் சம்பளம் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஒரே மாதத்தில் இரண்டு பங்களிப்பாகத் தெரிந்துவிடும். அதைப் பார்க்க மனிதவளப் பிரிவுக்குத் துப்பறிவாளர் தேவையில்லை.

பாண்டு கட்டும், அளவோடு. பயிற்சிக்குச் செலவு செய்தோம், முன்கூட்டியே போனால் இவ்வளவு கட்டு என்பது போட்டித் தடை ஆகாது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒப்புக்கொண்ட மூன்று ஆண்டு முடியும் முன்பே விலகிய பொதுத்துறை வங்கி அதிகாரி ஒருவர் 2 லட்சம் ரூபாய் கட்டியதைச் சரி என்றது. இந்தத் தீர்ப்பைக் காட்டிச் சில தனியார் நிறுவனங்களும் புதியவர்களை மிரட்டுகின்றன. அந்த வழக்கில் பொதுத்துறை ஆள்தேர்வின் செலவும் சிரமமும் எடை போட்டுப் பார்க்கப்பட்டன. மற்றபடி ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, எழுதிவைத்த தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். இரண்டு வாரம் மாநாட்டு அறையில் பழைய படக்காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டு மூன்று லட்சம் கேட்பவர்கள், அந்தச் செலவை எங்கே செய்தோம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இரகசியக் காப்பு கட்டும், காலவரையின்றி. உங்கள் தலையில் இருப்பது உங்களுடையது. ஜாவா, தரவுத்தள வடிவமைப்பு, பணம் செலுத்தும் முறைகளின் நுணுக்கம் எல்லாம் உங்களோடு வரும். மூலநிரல், வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம், கடவுச்சொல் கோப்பு ஆகியவை வராது. வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி நிறுவனமே முதல் உரிமையாளர். அதைப் பென்டிரைவில் எடுத்துப்போனால் விஷயம் ஒப்பந்தத்தைத் தாண்டிவிடும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். யாராவது ராஜினாமா செய்ததும் அவருடைய லேப்டாப் பதிவுகளை எடுத்துப் பார்ப்பது நான் இருந்த இடங்களில் வழக்கமான நடைமுறை. வழக்குகள் பிறப்பது பெரும்பாலும் அங்கேதான். போட்டித் தடை ஷரத்து மனுவில் துணைக்கு நிற்கும், அவ்வளவே.

சக ஊழியர்களையும் வாடிக்கையாளர்களையும் இழுக்கக் கூடாது என்ற ஷரத்து இடைப்பட்டது. நீங்களே தேடிப்போய் இழுத்ததற்குச் சாட்சி இருந்தால் சிக்கல் வரலாம். புதிய வேலையை லிங்க்ட்இனில் அறிவிப்பது இழுப்பது ஆகாது. "எங்கள் குழுவுக்கு ஆறு பேர் வேண்டும், எல்லோரும் கிளம்பி வாருங்கள்" என்று பழைய குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதுவது ஆகும்.

இனி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. மேலே சொன்னது எதையும் சிங்கப்பூரிலோ லண்டனிலோ நம்பிவிடாதீர்கள். அங்கே நியாயமான தடை செல்லும்; எத்தனை மாதம், எந்த வட்டாரம், என்ன பதவி என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. போட்டித் தடை ஷரத்துகளே கூடாது என்று மத்திய வர்த்தக ஆணையம் 2024இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்த விதியை டெக்சாஸ் நீதிமன்றம் அதே ஆண்டில் ரத்து செய்தது. 2025இல் ஆணையமும் மேல்முறையீட்டைக் கைவிட்டது. அங்கே இருப்பவர்கள் அந்தந்த ஊர் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடக் கூடாது.

கையெழுத்திடும் முன்

ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். நோட்டீஸ் காலத்தில் தொடங்குங்கள்: எத்தனை நாள், சம்பளத்தைக் கட்டிவிட்டு முன்னதாகப் போகலாமா, அந்த முடிவு யார் கையில்? "நிறுவனத்தின் விருப்பப்படி" என்று இருந்தால் 90 நாளும் உங்களுடையதல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பாண்டுத் தொகை. பிறகு உங்கள் படைப்புகள் யாருக்குச் சொந்தம் என்ற பகுதி. போட்டித் தடை ஷரத்தைக் கடைசியாகப் படித்தால் போதும்.

எது மாறும், எது மாறாது என்பதை உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். போட்டித் தடை ஷரத்தை நீக்கச் சொன்னால் பெரிய நிறுவனத்தில் நீக்க மாட்டார்கள்; மனிதவளப் பிரிவின் இளையவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. சுருக்கச் சொன்னால் சில நேரம் கேட்பார்கள். "எந்த வாடிக்கையாளரும்" என்பதை "கடைசி ஓராண்டில் நான் நேரடியாகப் பணியாற்றிய வாடிக்கையாளர்" என்று மாற்றக் கேளுங்கள். பாண்டுத் தொகை, பணியாற்றிய ஒவ்வொரு மாதத்துக்கும் குறைந்துகொண்டே வர வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் மறுப்பதற்கு நல்ல காரணம் இருக்காது.

உங்கள் சொந்தத் திட்டங்களுக்கு ஒரு பிற்சேர்க்கை கேளுங்கள். கிட்ஹப்பில் நீங்கள் வைத்திருக்கும் திறமூல நிரல், பாதி எழுதிய செயலி, கல்லூரித் திட்டம் எல்லாவற்றையும் பெயரோடும் தொடங்கிய மாதத்தோடும் பட்டியலிட்டு, "பணியில் சேரும் முன்பே என்னுடையவை" என்று எழுதி இணையுங்கள். பிற்சேர்க்கை தர மறுத்தால், சேரும் நாளுக்கு முன் அதே பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். பிறகு அலுவலக லேப்டாப்பில் அந்தத் திட்டத்தைத் திறக்கவே கூடாது.

இரண்டு விஷயங்களில் சமரசம் வேண்டாம். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கட்டும், நகல் எடுக்கட்டும், அன்றே திருப்பித் தரட்டும். தேதியும் தொகையும் எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். போட்டித் தடை ஷரத்தை வைத்து உங்களை நீதிமன்றத்துக்கு அழைக்க நிறுவனத்துக்குப் பல மாதம் ஆகும். திரும்பிவந்த காசோலையோ மாற்றுமுறை ஆவணங்கள் சட்டத்தின் 138ஆவது பிரிவில் குற்ற வழக்காகவே வந்து நிற்கும்.

பங்குரிமைத் திட்டம் தருகிறார்கள் என்றால் அதன் விதிகளைத் தனியாக வாங்கிப் படியுங்கள். போட்டியாளரிடம் சேர்ந்தால் பங்குரிமை ரத்து என்று அங்கே ஒரு வரி ஒளிந்திருக்கலாம். அதேபோல், உங்கள் சிறு நிறுவனத்தை இன்னொருவர் வாங்கி, நீங்களும் ஊழியராகச் சேர்கிறீர்கள் என்றால், 27ஆவது பிரிவின் விதிவிலக்கு உங்கள் மேல் பாயும். இந்த இரண்டுக்கும் அத்தை போதாது, வழக்கறிஞர் வேண்டும்.

விடும்போது

ராஜினாமாவை மின்னஞ்சலில் கொடுங்கள், கடைசி நாளைக் குறிப்பிடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை. வெளியேறும் நேர்காணலில் கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். "இப்போது சொல்ல விரும்பவில்லை" என்பது முழுமையான பதில். பொய் மட்டும் சொல்ல வேண்டாம், பின்னால் அது உங்கள் நாணயத்தைப் பற்றிய பேச்சாக மாறும்.

நோட்டீஸ் காலத்தை முடிப்பதுதான் உங்கள் முதல் கவசம். அந்தக் காலத்தில் சம்பளம் கொடுத்து வீட்டில் இருக்கச் சொன்னால் இருங்கள். நீங்கள் இன்னும் ஊழியர்தான், புதிய இடத்தில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. கடைசி நாளில் புதிதாக ஒரு காகிதத்தை நீட்டி, "இதில் கையெழுத்திட்டால்தான் ரிலீவிங் லெட்டர்" என்றால், படிக்க ஒரு நாள் கேளுங்கள். பழைய ஒப்பந்தத்தில் இல்லாத தடை அதில் இருந்தால் மின்னஞ்சலில் மறுத்துவிடுங்கள். ரிலீவிங் லெட்டர்தான் நிறுவனத்தின் கையிலிருக்கும் உண்மையான பிடி, ஏனென்றால் அடுத்த நிறுவனம் அதைக் கேட்கும். தராமல் இழுத்தால் ராஜினாமா மின்னஞ்சல், ஏற்றுக்கொண்ட பதில், கடைசிச் சம்பளச் சீட்டு, வைப்பு நிதிக் கணக்கில் பதிவான விலகல் தேதி ஆகியவற்றைப் புதிய இடத்தில் காட்டுங்கள். பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே இவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். நியமன ஆணையும் சம்பளச் சீட்டும் உங்களுக்கு வந்த ஆவணங்கள், அவற்றை எடுக்கலாம். நிரலின் ஒரு வரிகூடக் கூடாது, மாதிரிக்கு என்றுகூட.

கணக்கு முடிப்பதை மாதக்கணக்கில் இழுப்பதும் பழைய வித்தை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. இந்த வரியை மேற்கோள் காட்டி ஒரு பணிவான மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.

வாடிக்கையாளரிடமே சேரப்போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். உங்கள் கை கட்டப்படாமல் இருந்தாலும் வாடிக்கையாளரின் கை கட்டப்பட்டிருக்கலாம். எங்கள் ஆட்களை எடுக்க மாட்டீர்கள் என்று இரு நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதை 2006இல் தில்லி உயர் நீதிமன்றம் விப்ரோ தொடர்ந்த ஒரு வழக்கில் செல்லும் என்றது. மீறினால் இழப்பீடு அந்த நிறுவனம் கொடுக்க வேண்டியது. ராஜினாமா செய்யும் முன்பே, "எங்கள் நிறுவனத்தோடு உங்களுக்கு அப்படி ஒப்பந்தம் இருக்கிறதா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வேலை உறுதி என்று சொல்லிவிட்டு, பழைய நிறுவனத்தின் கடிதம் வந்ததும் பின்வாங்கியவர்கள் உண்டு.

வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால்

வரும் நோட்டீஸ்களில் பல அந்த ஒரு கடிதத்தோடு நின்றுவிடும். அதற்காகப் பதில் சொல்லாமல் விடக் கூடாது, கோபத்தில் நீங்களே பதில் எழுதவும் கூடாது. முதலில் புதிய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். அவர்களுக்கும் ஒரு நகல் போயிருக்க வாய்ப்பு அதிகம், உங்கள் வாயால் முதலில் கேட்பது நல்லது. பிறகு வழக்கறிஞர் மூலம் ஒரு பக்கப் பதில் போதும்: நோட்டீஸ் காலம் முடிந்தது, சாதனங்களை ஒப்படைத்தேன், நிறுவனத்தின் எந்தத் தரவும் என்னிடம் இல்லை, இரகசியக் காப்புக்குக் கட்டுப்படுகிறேன், வேலை பார்ப்பதைத் தடுக்கும் ஷரத்து 27ஆவது பிரிவின்படி செல்லாது. இந்த ஐந்தில் எது உண்மையில்லையோ அதை எழுதாதீர்கள், வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லுங்கள். பழைய சக ஊழியர்களோடு இதைப் பற்றி எழுத்தில் பேசுவதை நிறுத்துங்கள். பயத்தில் எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள். அழித்த தடம், வைத்திருந்த கோப்பைவிட மோசமாகத் தெரியும்.

மிரட்டல் உண்மையானது என்று தோன்றினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148A பிரிவின்படி கேவியட் மனு ஒன்றைத் தாக்கல் செய்துவிடுங்கள். உங்களுக்குத் தகவல் கொடுக்காமல் உங்கள் மேல் இடைக்காலத் தடை வாங்குவதற்கு அது முட்டுக்கட்டை. 90 நாள் வரை உயிரோடு இருக்கும், தேவைப்பட்டால் மறுபடி போடலாம். எந்த நீதிமன்றத்தில் போடுவது என்பதற்கு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மும்பை நீதிமன்றம் மட்டுமே என்று எழுதியிருந்தால் அப்படி எழுதுவது செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வங்கி ஊழியர்களின் வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. ஆகையால் சென்னையில் இருந்தபடியே மும்பையில் ஒரு வழக்கறிஞரைப் பிடிக்க வேண்டிவரும்.